கோமுகி கில்லாடிகள் ஆடாத சீசன்

...யாரக் கேட்டாலும் எட்வின், எட்வின், எட்வின்னே சொல்றானுங்க! எட்டு டீமு, எட்டு மொதலாளி, நூத்திச் சொச்சம் ஆட்டக்காரனுங்க, நேரலைக்கு ஒரு டிவிக்காரன்... இத்தினி பேரு சேர்ந்து ஒரு கபடி சீசனையே கவுத்துட்டு, பழிய மட்டும் மைக்கு புடிச்சவன் தலைல கட்டுவாங்களாம்! நாயமாண்ணே? நீங்களே சொல்லுங்க. இல்ல, சொல்ல வேணாம், மொதல்ல அந்தக் கோழிய மடிலயே வெச்சிக்குங்க. கீழ உட்டா என் பேண்ட்ட கொத்துது. தோ, நல்லா சாஞ்சி ஒக்காருங்க, எடம் கெடக்குது. வெள்ளிமலைதான? நானும் வெள்ளிமலைதான். இன்னும் கச்சிராயபாளையமே வரல. அப்பால அணை, அப்பால மலை... எப்டியும் நேரம் ஆவும். நல்லதாப் போச்சு. பேச ஆளு இல்லாம பஸ்ல போனா எனக்கு வாந்தி வந்துடும்.

என்னத் தெரியல? நெசமாவா? கொரலக் கேட்டுமா தெரியல? இருங்க... "இதோ வருகிறார்... இதோ பாடி வருகிறார்... கல்வராயன் மலையின் காட்டாறு... முருகவேல்ல்ல்!" இப்ப? இப்பவும் தெரியலியா? தா பாருங்க, கண்டக்டரே திரும்பிப் பாக்கறாரு. முன்னாடி சீட்டு அம்மா காதப் பொத்திக்கிச்சு. அதான்ணே கொரலு!

களமருதூர் எட்வின். உளுந்தூர்பேட்டலேந்து சின்னசேலம் வரைக்கும் இருவது வருசமா எங்க கபடி நடந்தாலும் மைக்கு என்னுது. ஆட்டம் யாரு வேணா ஆடட்டும், ஆட்டத்த நடத்தறது மைக்கு. இன்னா நான் சொல்றது? ரெண்டு பக்கமும் சப்பையா ஆடுவானுங்க, ஜனம் எழுந்து வூட்டுக்குக் கெளம்பும், நான் ஒரு வார்த்த உடுவேன்... எழுந்தவன் துண்ட ஒதறிட்டு மறுபடி ஒக்காந்துடுவான்.

அப்பிடி மண்ணுல கத்திக்கினு இருந்தவன்ணே நான். போன வருசம்தான் நம்ம கள்ளக்குறிச்சிக்குன்னு சொந்தமா ஒரு டீமு வந்துச்சு. கோமுகி கில்லாடிகள். எட்டு மாவட்டத்துக்கு எட்டு டீமு, மாசச் சம்பளத்துக்கு ஆடற பசங்க, மண்ணு இல்ல, கீழ விரிக்கற ரப்பர் மேட்டு, மேல லைட்டு, டிவில நேரலை. மொதலாளி யாரு? ஜவ்வரிசி மில்லு பகலவன். அவுரு என்னக் கூப்ட்டு ஆர்டர் காப்பி குடுத்தாருண்ணே. 'அதிகாரப்பூர்வ அறிவிப்பாளர்'னு டைப் அடிச்சி, சீலு வெச்சி! லேமினேசன் பண்ணி, வூட்ல மாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டேன். என் வூட்டுக்காரி நான்சி பாத்துட்டு, "இதுக்கு எடம் வேணும்னு மாதாவ நகத்தி வெச்சிட்டியே, நல்லா இருப்பியா நீ"ன்னா. அவ சொன்ன மொகூர்த்தம்!

மொத சீசனுக்குன்னு கோட்டு தெச்சேன். ரோசாப்பூ கலரு. கள்ளக்குறிச்சிலயே டெய்லருகிட்ட மூணு தடவ அளவு குடுத்தேன். "கைய நல்லா தூக்கனா இடிக்கக் கூடாதுய்யா, நான் கை ஆட்டாம பேச மாட்டேன்"னு சொல்லிச் சொல்லித் தெச்சது. இன்னிக்கி பீரோல தொங்குது. ஒரு நாளு கூட போடல. சீசனே இல்லன்னு போன வாரம் லீக்குக்காரன் ஒரே வரில அறிவிச்சிட்டான். இந்த வருசம் ஆட்டம் கெடயாது, அவுங்கவுங்க வூட்டப் பாத்துக்கினு போங்கன்னுட்டான்!

அந்த மேட்ட நீங்க பாக்கணுமே... எங்கேந்தோ கப்பல்ல வரவழச்சது. ஏறனா காலு பஞ்சுல பட்ட மாதிரி இருக்கும். இப்ப எங்க கெடக்குதுன்றீங்க? மில்லு களத்துல விரிச்சிப்போட்டு அதும்மேல ஜவ்வரிசி காயுது! நேத்து போயிப் பாத்தேன். எங்க ரைடரு பாடிக்கினு போயி தொட்டு வர வேண்டிய கோட்டும்மேல ஒரு அம்மா கட்டய வெச்சி தள்ளிக்கினு போவுது. எனக்கு வயிறு எரிஞ்சி போச்சு. ஆனா பகலவன் சொல்றாரு, "எட்வினு, இவ்ளோ சீக்கிரம் எந்தக் களத்துலயும் காஞ்சதில்லய்யா"ன்னு. மனுசன் ஏவாரின்னா ஏவாரிதான்.

எங்க உட்டேன்? ஆங்... சீசன் எதுக்கு நின்னுதுன்னு கேட்டீங்க. கேக்கலியா? சரி, கேட்ட மாதிரி வெச்சிக்குங்க.

கான்ட்ராக்ட்டுல பதினாலாவது சரத்துன்னு ஒண்ணு இருக்குதுண்ணே. ஆட்டக்காரனுக்கு அடி பட்டு ஆட முடியாமப் போனா, அன்னியோட கான்ட்ராக்ட்டு காலி. வைத்தியம் அவன் பாடு. யோசன பண்ணிப் பாருங்க. கபடில அடி படாதவன் யாரு? நெல்லு அறுக்கப் போறவன்கிட்ட, கைல அருவா பட்டா நாளைலேந்து வராதன்னு சொன்ன மாதிரி! பசங்க கையெழுத்து போடறப்ப எவனாவது படிச்சானா? படிக்கல. போட்டோ எடுக்கறாங்கன்னதும் தலய சீவிக்கினு நின்னானுங்க. அப்பால பயிற்சில முருகவேலு காலு மடங்கிச்சி.

முருகவேலு... உங்க வெள்ளிமலப் பையன்தாண்ணே. வெள்ளச்சி மவன். அப்பன் இல்ல. சாம வெதச்சி, மலக்காட்டுல மேலயும் கீழயும் ஓடி ஓடியே அந்தக் காலு வந்துச்சு அவனுக்கு. எட்டு டீமுலயும் அந்த மாதிரி ரைடரு கெடயாது. இருவத்திரெண்டு வயசு. அன்னிக்கி மூணு பேரு மேல விழுந்தானுங்க, முட்டில 'டப்'புன்னு ஒரு சத்தம். நான் மைக்குல இருந்தேன், எனக்கே கேட்டுச்சு. ஜவ்வு கிழிஞ்சிடுச்சு. பாண்டிச்சேரி டாக்டரு பாத்துட்டு, ஆபரேசன் பண்ணா மறுபடி ஆடலாம், தள்ளிப் போட்டா நடக்கறதே தாங்கித் தாங்கித்தான்னுட்டாரு. அவுரு குடுத்த தேதி வர்ற திங்கக்கெழம. அத உட்டா அவுரு ரெண்டு மாசம் வெளிநாடு போறாராம். ரெண்டு மாசம் அந்த முட்டி தாங்காதுன்றாரு. இன்னிக்கி வெள்ளிதான? அவனப் பாக்கத்தான் போறேன். தோ, ஆரஞ்சி வாங்கியிருக்கேன்.

அது கெடக்கட்டும், சங்கதி இன்னான்னா... முருகவேலுக்கு நடந்ததும் எங்க கேப்டன் சிவசங்கர் கொடி புடிச்சிட்டான். எட்டு டீமு பசங்களயும் சேத்து சங்கம்! பதினாலாவது சரத்த எடுக்கற வரைக்கும் எவனும் மேட்டுல கால் வெக்க மாட்டோம். நல்ல கோரிக்கதான், நான் ஒத்துக்கறேன். ஆனா மொத கூட்டத்துல இன்னா நடந்துச்சுன்றீங்க? பேனர்ல யாரு போட்டோ பெருசுன்னு ரெண்டு மணி நேரம் சண்ட! முட்டியப் பத்தி கடைசில பத்து நிமிசம். அதுக்குள்ள பிரியாணி வந்துடுச்சு.

மொதலாளிங்க? அவுங்க இன்னும் மேல. எட்டு பேரும் சென்னைல ஏசி ஓட்டல்ல கூடி முட்டியப் பத்திப் பேசறாங்க. அதுல ஒருத்தராலயாவது கீழ சம்மணம் போட்டு ஒக்கார முடியுமா? முடியாது! ஒருத்தரு சொன்னாராம், "நாங்க மட்டும் அடி படாமலா தொழில் பண்றோம், எனக்குக் கூட பிபி இருக்குது"ன்னு. டிவிக்காரன் எரியற வூட்ல புடுங்கன வரைக்கும் லாபம்னு தெனம் ராத்திரி எட்டு மணிக்கி 'களத்தில் யார்?'னு விவாதம் வெச்சான். களத்துல ஜவ்வரிசிய தவிர யாரும் இல்ல. ஆட்டம் நடந்திருந்தா கூட அத்தினி பேரு பாத்திருக்க மாட்டாங்களாம். ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சொல்லுவாங்க. இங்க எல்லாருக்கும் கொண்டாட்டம், கூத்தாடி நான் ஒருத்தன்தான் தெருவுல.

தா, கச்சிராயபாளையம் வந்துடுச்சு. டீ சாப்புடறீங்களா? வேணாமா? எறங்கிடாதீங்க, எடம் போயிடும். நான் புடிச்சி வெச்சிக்கறேன்னா கூட கோழிய உட்டுட்டுப் போவ முடியாதில்ல. ஒக்காருங்க.

இப்ப எங்கிட்ட இன்னா கேக்கறாங்கன்னு சொல்றேன், கேளுங்க. சிரிப்பு வரும். பகலவன் சொல்றாரு, எட்வினு, நீ போன்ல ஒரு வீடியோ எடுத்து மூணு வார்த்த பேசி அனுப்பு, மிச்சத்த நான் பாத்துக்கறேன். முருகவேலு ஆபரேசன் என் பொறுப்பு. மூணே வார்த்த! சிவசங்கர் வேற வூட்டுக்கே வந்துட்டான். "சொல்லிடுண்ணே, இந்த சீசன்தான் போச்சு, அவன் காலாவது மிஞ்சட்டும்"னு. நான்சி மூணு வாரமா எங்கிட்ட பேசறதே அந்த ஒண்ணப் பத்திதான். நான் ஏன் சொல்லணும்? ஏன் சொல்லணும்ன்றேன்! இருவது வருசம் கட்டிக் காப்பாத்துன பேருண்ணே இது.

இன்னா வார்த்தயா? அது... இருங்க, அதுக்கு மின்னாடி ஒங்களுக்குத் தொழிலு தெரியணும். தொழிலு தெரியாம தீர்ப்பு சொல்லக்கூடாது.

ஊருல கபடி நடக்குதுன்னா பரிசு யாரு தருவா? ஊருப் பெரிய மனுசங்கதான். அவுங்க வந்து மேடைக்குப் பின்னாடி, மைக்குக்காரன் காதுல, யாருக்கும் கேக்காத மாதிரி சொல்லுவாங்க. "எட்வினு, மொத பரிசுக்கு என் சார்பா ஒரு கிடான்னு போட்டுக்க." ஒண்ணுன்றப்ப கொரலு உள்ள போவும். மனசில்லாமத் தராருன்னு அதுலயே தெரிஞ்சிடும். நான் இன்னா பண்ணுவேன்? மைக்க எடுத்து, "கொடை வள்ளல், குணக்குன்று, அண்ணன் அவர்கள் சார்பாக... ரெண்டு கிடா!" அவ்ளோதான். ஜனம் கையத் தட்டும், விசிலு அடிக்கும், வூட்டுக்காரம்மா கூட்டத்துல பூரிச்சிப் போயி நிக்கும். அப்பால எந்த மனுசன் எழுந்து, "இல்லப்பா, நான் ஒண்ணுதான் சொன்னேன்"னு சொல்லுவான்? பல்லக் கடிச்சிக்கினு கும்புடு போடுவான். காலைல ரெண்டு கிடாவும் வந்து நிக்கும். மைக்குல சொல்லிட்டா கல்லுல வெட்டுன மாதிரிண்ணே!

ஒருத்தரு கூட தராம இருந்ததில்ல. ஒருத்தரு கூட! அப்ப நான் சொன்னது பொய்யா? காலைல கிடா வந்துடுச்சின்னா ராத்திரி சொன்னது எப்டிப் பொய்யாவும்? கொஞ்சம் மின்னாடியே சொல்லிட்டேன், அவ்ளோதான்.

எங்க மாதா கோயில் திருவிழாவுக்குக் கூட நான்தான் படிப்பேன். சாப்பாட்டுக்கு அரிசி தர்றவங்க லிஸ்ட்டு. எங்க மாமா முறை ஒருத்தரு, வியாகுலம்னு பேரு, ஒரு மூட்டன்னாரு. மூணுன்னு படிச்சிட்டேன். பூசைலயே அவுரு மொகம் செவந்துச்சு. மூணும் வந்துச்சு, ஊரே வயிறாரத் துன்னுச்சு. ரெண்டு வருசமா எங்கூட பேச்சு வார்த்த இல்ல, அது வேற. சாமியாரு மட்டும் என்னத் தனியாக் கூப்ட்டு, "எட்வின், உன் பாவத்த மன்னிக்கறதா, நன்றி சொல்றதான்னு எனக்கே தெரியல"ன்னாரு.

சிரிக்கிறீங்க! பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. அப்ப நான் கெட்டவன் இல்லதான? இத அப்டியே ஞாபகம் வெச்சிக்குங்க.

தோ, அணை தெரியுது. மலை ஏறப் போவுது, கோழிய நல்லாப் புடிங்க.

இப்ப அன்னிக்கி நடந்தது. சொல்லிடறேன். எங்கிட்ட ஒளிவு மறைவு கெடயாது.

ஒரு சனிக்கெழம. போராட்டம் ஆரம்பிச்சி ரெண்டு மாசம் ஆவுது. பகலவன் எங்க டீமு பசங்கள மட்டும் மில்லு குடோனுக்குக் கூப்ட்டாரு. நான் எதுக்குப் போனேன்? சாயந்தரம் மேட்டுக்குப் பூச, ஸ்பீக்கரு பொட்டிய சரிபாக்கப் போனேன். நான் அங்க ஓரமா ஒயரு சுத்திக்கினு இருந்தேன், அவுரு பேசனாரு. "தா பாருங்கடா, நம்ம டீமுல யாருக்கு அடி பட்டாலும் ஆறு மாசம் நான் வெச்சிக் காப்பாத்தறேன். கான்ட்ராக்ட்ட கிழிக்க மாட்டேன். முருகவேலு ஆபரேசன் என் செலவு. ஆனா வெளிய ஒரு மூச்சு வரக்கூடாது. மத்த ஏழு பேருகிட்ட நான் பக்குவமாப் பேசி வழிக்குக் கொண்டாரேன். ஒரு பத்து நாள் குடுங்க." பசங்க ஒத்துக்கினாங்க. சிவசங்கர் எழுந்து அவுரு கையப் புடிச்சிக்கினான். முருகவேலு அழுதுட்டான்ணே. அங்கயே தேதியும் போட்டாங்க, அடுத்த வாரமே ஆபரேசன். முடிஞ்சது கத! அந்த நிமிசம் சீசன் நடக்கறதா இருந்துச்சு.

சாயந்தரம் பூச. ஆயிரம் பேரு கூட்டம். தேங்கா ஒடச்சி, சூடம் காட்டி, எங்கிட்ட மைக்கக் குடுத்தாங்க. பகலவன் பக்கத்துல நிக்கறாரு. ரெண்டு மாசம்ணே! ரெண்டு மாசம் கழிச்சி கைல மைக்கு. எதுக்க ஆயிரம் மூஞ்சி. பக்கத்துல குடுக்கற மனுசன். பழக்கம்ணே, பழக்கம்... வாய் தானா தொறந்துக்குச்சு.

"கோமுகி கில்லாடிகளின் கொடை வள்ளல், குணக்குன்று, அண்ணன் பகலவன் அவர்கள், அடிபட்ட வீரர்களுக்கு..." இதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருக்கணும். "...எட்டு அணிகளின் அத்தனை வீரர்களுக்கும்... ஒரு வருடம் முழுவதும்... வைத்தியமும் சம்பளமும்!"

கைத்தட்டலு... யப்பா! என் ஆயுசுல அப்டி ஒரு கைத்தட்டல கேட்டதில்ல. தவிலுக்காரன் தானா அடிக்க ஆரம்பிச்சிட்டான். நான் பகலவனத் திரும்பிப் பாத்தேன். மனுசன் வேப்பங்கொட்டயக் கடிச்ச மாதிரி நின்னாரு. ஆனா கையத் தூக்கிக் கும்புடு போட்டாரு பாருங்க, எல்லாரயும் போலவே! அதான்ணே தப்பாப் போச்சு. அவுரு கும்புட்டது வீடியோல விழுந்துடுச்சு.

ராத்திரிக்குள்ள எட்டு மாவட்டத்துக்கும் அந்த வீடியோ போயிடுச்சு. காலைல மத்த ஏழு டீமு பசங்களும் அவுங்கவுங்க மொதலாளி வூட்டு வாசல்ல. "கள்ளக்குறிச்சிக்காரரு எங்களுக்கே தரேன்றாரு, நீ ஏன் தர மாட்ட?" ஏழு மொதலாளியும் பயிற்சி காம்ப்புக்குப் பூட்டு போட்டுட்டாங்க. பகலவன துரோகின்னாங்க. நீ ஒரு முட்டிக்குச் செலவு பண்ணா கூட, வீடியோல சொன்னதுக்கு ஒத்துக்கினதா அர்த்தம், ஒன் டீமையே லீக்கை உட்டுத் தூக்கிடுவோம்னுட்டாங்க. அதோட அவுரு கை கட்டிப் போச்சு. ஆபரேசன் தேதியும் போச்சு. மூணு வாரம் இழுத்துப் பாத்துட்டு சீசனும் போச்சு. டாக்டர கெஞ்சிக் கேட்டதுக்கு அவுரு எறங்கி வந்து மறுபடி குடுத்த தேதிதான் இந்தத் திங்கக்கெழம.

பகலவன் எங்கிட்ட கத்தவே இல்லண்ணே. அதான் கஷ்டம். "ஊரான் வூட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு அள்ளி ஊத்திட்டியேடா"ன்னாரு. அவ்ளோதான்.

அவுரே எழுந்து நான் அப்டி சொல்லலன்னு சொல்லலாம்ல? சொல்ல மாட்டாரு. ஆயிரம் பேரு மின்னாடி கும்புட்டுட்டு, அப்பால இல்லன்னா ஊருல தல காட்ட முடியுமா? நான் சொன்னாதான் எடுபடும். 'அண்ணன் சொன்னது எங்க டீமுக்கு மட்டும், மிச்சத்த நான் சேத்தேன்.' இதத்தான் கேக்கறாங்க. அதச் சொன்னா ஏழு பேரும் அவுர உட்டுடுவாங்க. அவுரும் திங்கக்கெழம ஆஸ்பத்திரில துட்டக் கட்டிடுவாரு.

ஆனா நான் சொன்னா? சொன்னா எவன்ணே எங்கிட்ட மைக்கு குடுப்பான்? இருவது வருசத்து கிடாக்காரனுங்களும் கெளம்பி வருவானுங்க! "அப்ப எனக்கும் அப்டித்தான் சேத்தியா"ன்னு. வியாகுலம் மாமா மூட்டயத் தூக்கிக்கினு வந்து நிப்பாரு. எனக்கு வேற இன்னா தெரியும்? காடு இல்ல, கழனி இல்ல. நான் வாயாலயே பொழச்சவன். நான்சி சொல்றா, "தவள தன் வாயால கெடும்னு ஒனக்காகவே சொல்லி வெச்சிருக்காங்க"ன்னு. கட்டுன பொண்டாட்டி பேசற பேச்சா இது?

அதான் ஒரு யோசன பண்ணேன். நேரா மலைக்குப் போறது. முருகவேல பாத்து, "தம்பி, நீயே பகலவன் அண்ணனுக்கு ஒரு போன் போட்டு, எட்வின் அண்ணன ஒண்ணும் கேக்காதீங்க, எனக்காக வேற வழி பாருங்கன்னு சொல்லு"ன்னு கேக்கறது. அவன் சொன்னா அவுரு தட்ட மாட்டாரு. நல்ல யோசனதான? இன்னாண்ணே அப்டிப் பாக்கறீங்க? ...அடிபட்டவன்கிட்டயே போயி கேக்கறதான்றீங்க. வாயத் தொறக்காமயே கேக்கறீங்க பாருங்க, நான்சி மாதிரியே.

அப்பா... இன்னா வளைவு இது. எவ்ளோ ஒசரம் ஏறிட்டோம். காத்து சில்லுன்னு இருக்குது.

இன்னொண்ணு இருக்குதுண்ணே. அத வேணா சொல்லாம உட்டுடறேன். ஒண்ணும் பெருசில்ல. நேத்து வெள்ளச்சியம்மா போன் பண்ணிச்சு. டவரே கெடைக்காத ஊருல எங்கயோ மேட்டும்மேல ஏறி நின்னு பண்ணுது, காத்து இரையுது. "தம்பி, திங்கக்கெழம ஆவுமா ஆவாதா? அவன் தூங்க மாட்டன்றான்"னு கேட்டுச்சு. பெத்தவண்ணே... அதுகிட்ட இன்னா சொல்லுவீங்க? "பாக்கலாம்மா"ன்னு சொல்ல வாயெடுத்தேன். "நாளைக்கி நானே நேர்ல வரேம்மா"ன்னு வந்துச்சு. அது நெசந்தான, வரேன்ல? அதோட நின்னுதா? "நல்ல சேதியோட வரேன்"ன்னேன். அந்தம்மா அழுதுச்சு. அழுத ஒடனே... பழக்கம்ணே... "துணிமணிய எடுத்து வெச்சிக்க, கையோட கூட்டிக்கினு போவத்தான் வரேன்"ன்னுட்டேன்.

மைக்கு கூட இல்லண்ணே கைல. வெறும் போனு.

இன்னும் எவ்ளோ தூரம்? வந்துடுச்சா? அதுக்குள்ளயா? அதுதான் பஸ் ஸ்டாண்டா... அய்யோ! அண்ணே... அண்ணே, அந்த மரத்தாண்ட பாருங்க. கட்டப்பையும் தலகாணியும் வெச்சிக்கினு நிக்குதே... அதுதான் வெள்ளச்சியம்மா. பக்கத்துல கம்ப ஊனிக்கினு... அவன்தான். தல சீவி, புதுச் சட்ட போட்டுக்கினு நிக்கறான்ணே. முட்டியப் பாருங்க, பேண்ட்டு மேலயே வீங்கித் தெரியுது. எம்மா நேரமா நிக்கறாங்களோ. கைய ஆட்டுது அந்தம்மா. என்னத்தான் பாத்துச்சு. என்னப் பாத்துடுச்சு!

அண்ணே, ஒரு ஒதவி. நீங்க இந்த ஊருதான? நீங்க எறங்கிப் போயி சொல்லிடுங்க. மொத்தமும் கேட்டீங்கல்ல, ஒங்களுக்கு எல்லாம் தெரியும். இன்னும் ஒண்ணும் முடிவாவலன்னு... பக்குவமா... ஒங்க ஊரு பாஷைல... இன்னாது, எறங்கறீங்க? சரி, சொல்லிட்டு வாங்க, நான் இங்கயே... அண்ணே, அந்தப் பக்கம் இல்ல, மரம் இந்தப் பக்கம்! அண்ணே! ...கோழி போற வேகத்தப் பாரு. திரும்பிக் கூட பாக்கலியே. ஒண்ணரை மணி நேரம் கேட்டுட்டு ஒரு வார்த்த சொல்லத் துப்பில்ல. இன்னா ஜனமோ!

கண்டக்டரு சாரு, நீங்களாவது... டீ குடிக்கப் போறீங்களா. போங்க, போங்க.

அந்தம்மா பைய எடுத்துக்கிச்சு. இங்கதான் வருது. அவன் கம்ப ஊனி ஊனி வரான். அவன எதுக்கு நடக்க வெக்கிற, நிக்கச் சொல்லும்மா!

எங்க போனு... தோ. இத எதுல அமுக்கணும்? செவப்பா? ஆங், ஓடுது. "அனைவருக்கும் வணக்கம்! கல்வராயன் மலையின் எழில் கொஞ்சும் அடிவாரத்..." சீ, அடிவாரம் இல்ல, மேல இருக்கோம். அழிச்சிடு. மறுபடி. "கொடை வள்ளல், குணக்குன்று, அண்ணன்..." வேணாம். அதுல ஆரம்பிச்சாதான் எனக்கு நிக்காது.

ஒரு ஆளு எதுக்க இல்லாம எப்டிப் பேசறது? காலி சீட்டப் பாத்துக்கினு...

"நான் எட்வின். பகலவன் அண்ணன் சொன்னது எங்க டீமு பசங்களுக்கு மட்டுந்தான். ஆறு மாசம்னுதான் சொன்னாரு. எட்டு டீமு, ஒரு வருசம்னு நானா சேத்துச் சொன்னேன். தப்பு என்னுது."

அவ்ளோதானா? பாரு, பதினோரு செகண்டு கூட வரல. இதுக்கா மூணு வாரம்... டவரு ஒரு புள்ளி காட்டுது. பகலவனுக்கு... சிவசங்கருக்கும் போடு. சுத்துது. சுத்துது. சுத்திக்கினே இருக்குது. போ, போ... போயிடுச்சு.

வரேம்மா! தோ, எறங்கிட்டேன். பைய எங்கிட்ட குடு. தம்பி, நீ ஏறாத, இரு, படி ஒசரம். இன்னாம்மா? மொதலாளி சரின்னுட்டாரான்னா...

இல்லம்மா. இன்னும் சொல்லல. சீசன் நின்னதும் என்னால, இவன் ஆபரேசன் நின்னதும் என்னால. அவுரு கேட்டத இப்பத்தான் அனுப்புனேன். பாத்தாரா, பாக்கலியா, தெரியாது. இந்த பஸ்ஸு கீழ போறதுக்குள்ள பதிலு வந்தா போலாம். வரலன்னா, எனக்குத் தெரியாதும்மா. நேத்து உங்கிட்ட சொன்னது நானா சொன்னது.

தம்பி, நிக்காதடா. இந்தா, இந்த சிமெண்டு கட்டயில ஒக்காரு. கால நீட்டிக்க.